பரோக் மையத்துப் பந்தக்கால்

"என் வூட்டு வாசல்ல என் பொண்ணுக்குக் கால் நடுறதுக்கு உன்னை இன்னாய்யா கேக்கணும்?"

"அம்மா, 'உன்னை' என்று சொல்லாதீர்கள். இது அலுவலகம்."

"ஆபீசு உள்ளார. வாசல் என்னுது."

"வாசல் வழியாகத்தான் அலுவலகத்துக்குள் வர வேண்டியிருக்கிறது. ஆகவே வாசலும் அலுவலகப் பயன்பாட்டில் உள்ளது."

"அப்ப நான் எது வழியா வர்றது?"

"பின்புறம் ஒரு வழி இருக்கிறதே."

"மாடு போற வழிய்யா அது!"

எதிர் வீட்டு ஆண்டாள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு முறத்தோடு ரோட்டுக்கே வந்துவிட்டாள். பெரியநாயகியின் குரல் துருகம் ரோட்டிலிருந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும் என்பது ஊருக்குத் தெரிந்ததுதான். ஆனால் தனி அலுவலர் அம்பலவாணனின் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கோப்பில் எழுதுகிற தமிழிலேயே பேசுகிறவர் அவர். பியூன் பூமாலையிடம் டீ வாங்கி வரச் சொல்வதென்றாலும் 'தேநீர் கொணர ஆவன செய்க' என்கிற மாதிரிதான் இருக்கும். அன்றைக்கு அந்தத் தமிழே கத்தியது.

சண்டை ஒரு பந்தக்காலைப் பற்றி. பெரியநாயகியின் தலைச்சன் பெண் செவ்வந்திக்கு அந்த வாரக் கடைசியில் கல்யாணம். அவள் புருஷன் வீரமுத்துவின் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தலைச்சன் பெண்ணுக்குக் கால் நடுவது சொந்த வீட்டு வாசலில்தான். மண்டபத்தில் நட்டால் அது சாமியானா போட்ட கணக்கு, கல்யாணக் கணக்கில் சேராது. தியாகதுருகத்துச் சம்பந்தி கலியமூர்த்தி, ரைஸ்மில்காரர், இதில் வீரமுத்துவைவிடக் கறார். "பொண்ணு அவங்க அப்பன் வாசல்லேர்ந்து தான் எங்க வண்டி ஏறணும். கால் இல்லாத வாசல்ல நாங்க கால் வெக்க மாட்டோம்" என்று வெற்றிலை மாற்றும்போதே நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார்.

சொந்த வாசல் இருந்தது. அதில் போர்டு தொங்கியது. 'மாநில அயல் அலங்காரக் கலை வளர்ச்சிக் கழகம் – பரோக் அலங்காரச் செப்பச்சுப் பயிற்சி மற்றும் மேம்பாட்டு மையம், கள்ளக்குறிச்சி.' போர்டு வீட்டைவிட ஒரு சாண் அகலம். இரண்டு முனையும் சுவரைத் தாண்டிக் காற்றில் நின்றன.

அந்தப் போர்டுக்காகத்தான் எல்லாம் நடந்தது. கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு போட்டு, அதில் வந்ததை வைத்து வீரமுத்து டவுனில் வீடு கட்டினார். கட்டி முடித்ததும் வீட்டுக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கார் நிறுத்தலாம் என்றால் கார் இல்லை. வக்கீல் போர்டு மாட்டலாம் என்றால் பரம்பரையில் எவனும் படிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கழகத்துக்காரர்கள் ஜீப்பில் இடம் தேடி வந்தார்கள். "வாடகை கெடக்குதுங்க. போர்டு எவ்ளோ பெருசு வெப்பீங்க?" என்று அவர் கேட்ட கேள்வியிலேயே அவர்களுக்கு ஆள் பிடித்துப் போயிற்று. முன்பக்கம் முழுக்க மையத்துக்கு, பின்பக்கம் இரண்டு அறையும் சமையலறையும் வீட்டுக்காரர்களுக்கு என்று பேச்சு.

மையம் எதற்கு என்பதைத் திறப்பு விழாவிலேயே தனி அலுவலர் விளக்கியிருந்தார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, திராவகத்தில் போட்டு அரிக்க விட்டு, மை தடவி அச்செடுத்து அலங்கார மாதிரிகள் விற்றார்களாம். சுருண்ட இலை, சங்கு, பழக்குலை, கொழுத்த குழந்தை. மரம் செதுக்குகிறவனும் நகை செய்கிறவனும் அதைப் பார்த்துச் செய்வானாம். அதற்குப் பரோக் என்று பேராம். கள்ளக்குறிச்சியில் மரம் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கள்ளக்குறிச்சியில் பரோக் அச்சுப் போட்டால், அவர்கள் அதைப் பார்த்து ஐரோப்பிய நாற்காலி செய்வார்கள், ஐரோப்பாக்காரன் கப்பல் வைத்து வந்து வாங்குவான். இந்தப் பேச்சில் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே ஒரு கடல் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. விழாவில் கேசரி கொடுத்தார்கள்.

மரம் செதுக்குகிறவர்களில் நாலு பேர் வந்து பார்த்தார்கள். "நாங்க புள்ளையார் செய்றோங்க, ஆர்டர் முடியல" என்று சொல்லிக் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்தான். கல்வராயன் மலையிலிருந்தும் ஆள் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு இருந்ததால் தனி அலுவலரே ஜீப்பில் வெள்ளிமலைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அங்கே ஒரு பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நாங்க பொறுக்குற கடுக்காய எந்த ஆபீசுல வாங்குறீங்க, அத மொதல்ல சொல்லுங்க" என்றாராம். 'மலைவாழ் மக்கள் ஆர்வத்துடன் வினா எழுப்பினர்' என்று அறிக்கை போயிற்று.

பிறகு அச்சு இயந்திரம் வந்தது. இரண்டு இரும்பு உருளை, நடுவே ஒரு பலகை, பக்கத்தில் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு கைச்சக்கரம். லாரியிலிருந்து இறக்கவே கரும்பு வெட்டும் ஆட்கள் அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள். வாசலுக்குள் அது நுழையவில்லை. நிலையைப் பெயர்த்தார்கள். பாதி நுழைந்தது. பக்கச் சுவரை இடித்தார்கள். இன்னும் கொஞ்சம் நுழைந்து, வாசற்படிக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கடைசியில் கழகத்துப் பொறியாளர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து, இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வீட்டை நகர்த்துவது என்று முடிவு செய்தார். இயந்திரம் உள்ளே இருக்கும்படியாக நாலடி முன்னால் தள்ளிப் புதுச் சுவர் எழுப்பி, ஓரத்தில் ஒடுக்கமாக ஒரு கதவு வைத்தார்கள். அந்தக் கதவு முன்னால் நடந்ததுதான் மேலே சொன்ன சண்டை.

ஆனியில் சம்பந்தம் பேசி முடித்த கையோடு பெரியநாயகி போய்க் கேட்டாள். "சார், ஆவணியில கல்யாணம் வெச்சிருக்கோம். வூட்டக் காலி பண்ணிக் குடுங்க."

தனி அலுவலர் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "முதல் அணியின் பயிற்சி நிறைவடைந்ததும் இடம் காலி செய்யப்படும்."

"எப்ப நிறையும்?"

"முதல் அணி இன்னும் தொடங்கவில்லை."

"ஏன்?"

"பயிற்சியாளர்கள் இல்லை."

"அப்ப காலி பண்ணலாமே."

"பயிற்சி நிறைவடையாமல் எப்படிக் காலி செய்வது?"

பெரியநாயகி பின்கட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு யோசித்தாள். மறுநாள் அவளும் வீரமுத்துவும், நைனார்பாளையத்திலிருந்து கல்யாண வேலைக்கென்று வந்திருந்த அவள் நாத்தனாரும், கரும்புக் கொல்லையில் களை வெட்டுகிற பெண்கள் சிலரும் முதல் அணியாகச் சேர்ந்தார்கள். சொந்த வீட்டுக்குள் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நுழைவதும் சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போவதும் வீரமுத்துவுக்கு உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது என்று ஆண்டாள் சொல்வாள். அரசாங்க ஆபீசில் கையெழுத்துப் போடுகிற முதல் ஆள் அந்த வம்சத்தில் அவர்தானே.

சொல்லிக் கொடுத்தவன் தமிழ்வேந்தன். ஓவியக் கல்லூரியில் படித்த பையன். அவன் ஒருத்தன்தான் அந்தக் கட்டடத்தில் கையில் கறை படிய வேலை பார்த்தான். தகட்டைச் சூடாக்கி மெழுகு தேய்த்து, புகை காட்டிக் கறுப்பாக்கி, இந்தக் கோட்டின் மேலேயே ஊசியை இழுங்கள் என்று மாதிரியை முன்னால் வைத்தான். ஊசி பிடிப்பது பெரியநாயகிக்குப் புதிதில்லை. எதிரே துணி இல்லாததுதான் கையைக் கூச வைத்தது.

"இது இன்னா எல தம்பி?"

"அகாந்தஸ்னு சொல்வாங்கம்மா."

"கொழம்புக்கா, பொரியலுக்கா?"

"எதுக்கும் இல்லம்மா. நானே நேர்ல பாத்ததில்ல."

பார்க்காத இலையைக் கீறக் கை வராமல் பெரியநாயகி கொல்லையில் இருந்த முருங்கைக் கொத்தைக் கீறினாள். அச்செடுத்தபோது அது ஆடு மேய்ந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. தனி அலுவலர் அதைத் தள்ளி வைத்தார். ஆடு மேய்ந்ததற்காக அல்ல.

"அம்மா, இது எந்த இலை என்று பார்த்தவுடன் தெரிகிறது. அலங்கார இலை என்பது எந்த இலை என்று தெரியக் கூடாது."

இன்னொன்றையும் அவள் கேட்டாள். மாதிரியில் இலையும் சங்கும் குழந்தையும் ஓரத்தில்தான் முண்டியடித்துக்கொண்டு நின்றன. நடுவே பெரிதாக ஒரு கட்டம், ஒன்றுமில்லாமல் வெள்ளையாகக் கிடந்தது.

"நடுவுல இன்னா வரணும் சார்?"

அம்பலவாணன் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் சொற்பொழிவு.

"நல்ல கேள்வி. நடுவில் ஒன்றும் வராது. அதுதான் பரோக்கின் உயிர். ஓரத்தில் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு நேர்த்தி, எவ்வளவு செலவு! பார்க்கிறவர் அந்த ஓரத்தைப் பார்த்தே அசந்துபோய், நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்க மறந்துவிட வேண்டும். நமது கழகமும் இந்தக் கொள்கையில்தான் இயங்குகிறது. தலைமையகத்தில் எங்களுக்கு ஏழு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்றில்கூட நடுவில் எதையும் வைத்து நாங்கள் கெடுத்துக்கொண்டதில்லை."

களை வெட்டுகிற பெண்கள் கைதட்டினார்கள். எழுந்து நின்று பேசினால் கைதட்ட வேண்டும் என்று அவர்களுக்குக் கட்சிக் கூட்டத்தில் பழக்கம்.

நடுவில் அண்டா விவகாரம் ஒன்று நடந்தது. திராவகத்துக்கு வர வேண்டிய பீங்கான் தொட்டி வரவில்லை. செவ்வந்தியின் சீருக்கென்று வாங்கித் துடைத்து வைத்திருந்த பித்தளை அண்டாவைப் பூமாலை எடுத்துப் போய் அதில் திராவகத்தை ஊற்றிவிட்டான். தமிழ்வேந்தன் 'ஐயோ' என்று ஓடி வருவதற்குள் செம்பழுப்பாகப் புகை கிளம்பி, அண்டாவின் அடி கரைந்து, தரையில் பாதியும் கரைந்தது. பெரியநாயகி அடியில்லாத அண்டாவைத் தூக்கி அதன் வழியாகத் தனி அலுவலரைப் பார்த்தாள். அவர் நிதானமாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். 'பயிற்சியாளர்கள் முப்பரிமாணப் பொருள்களிலும் முயன்று வருகின்றனர்.'

அணி நிறைய வேண்டும் என்றால் சென்னையிலிருந்து இணை இயக்குநர் வந்து பார்த்து, நிறைந்தது என்று சொல்ல வேண்டும். அவர் தேதி கொடுத்தார், மாற்றினார், மறுபடி கொடுத்தார். கடைசியில் கொடுத்த தேதி கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து நின்றது. காலி பண்ணுவதற்கு இனி வழியில்லை. காலாவது நடலாம் என்று போன இடத்தில்தான் வாசல் சண்டை.

சண்டை முடிந்த விதம் இது. தனி அலுவலர் உள்ளே போய் விதிகளைப் புரட்டிவிட்டு வந்தார். அலுவலக வளாகத்தில் தனியார் கம்பம் நட விதியில் இடமில்லை. ஆனால் உயர் அலுவலர் வருகைக்கு அலங்காரம் செய்ய இடமுண்டு. 'இணை இயக்குநர் அவர்களின் வருகையை முன்னிட்டு வரவேற்பு அலங்காரக் கழி, ஒன்று' என்று அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் மஞ்சள் துணி கட்டலாமா என்று பெரியநாயகி கேட்டதற்கு, நிறம் பற்றி விதி மௌனமாக இருக்கிறது என்றார்.

இணை இயக்குநரும் சாயங்காலமே ஜீப்பில் வந்து இறங்கினார். பருத்த மனிதர். பெரியநாயகியின் கல்யாண முறுக்கை ஒரு தட்டு தின்றுவிட்டு, இதில் உள்ள சுருள் பரோக்குக்கு மிக நெருக்கமானது என்று சொன்னார்.

மறுநாள் விடிந்தபோது ரோடு இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் என்று ஊரில் பேச்சு இருந்ததுதான். ஆனால் இவ்வளவு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. துருகம் ரோட்டிலும் சின்னசேலம் ரோட்டிலும் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் ஒன்றும் நகரவில்லை. இணை இயக்குநரின் ஜீப் சென்னை போகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றது.

இது எதுவும் தெரியாமல் வீரமுத்து விடிகாலையிலேயே அரிவாளை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டார். தெரிந்தவர் கொல்லையில் நல்ல பூவரசங்கிளையாகப் பார்த்து வெட்டி, கேரியரில் கட்டிக்கொண்டு ரோடு ஏறினார். எதிரே போலீஸ் வேன்.

"மரம் வெட்டினியா?"

"ஆமாங்க."

"எதுக்கு வெட்டின?"

"நடுறதுக்குங்க."

"இன்னாடா சொன்ன? ஊரெல்லாம் ரோட்ட மறிக்க வெட்டுறான். நீ நடுறதுக்கு வெட்டினியா? ஏத்துய்யா வண்டியில."

சேதி ஆண்டாள் மூலமாகத்தான் வந்தது. வேறு எப்படி வரும்? பெரியநாயகி ஓடிப்போய்த் தனி அலுவலர் மேஜைக்கு முன்னால் நின்றாள். "சார், நீங்க குடுத்த பர்மிசன்ல தான் வெட்டுனாரு. அந்தக் காகிதத்தக் குடுங்க, டேசன்ல காட்டிட்டு வரேன்."

"அந்தக் கோப்பு ஒப்புதலுக்காகத் தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது."

"ரோடே இல்லியே, எப்புடிப் போச்சி?"

"அனுப்பப்பட்டுவிட்டது. போய்ச் சேர்ந்ததா என்பது வேறு பிரிவு."

அது தபால் பையில் பூமாலையின் தலைக்கு மேல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பூமாலை எட்டி எடுக்கப் போனான். தனி அலுவலர் கையைக் காட்டித் தடுத்தார். அனுப்பியதை அனுப்பாததாக ஆக்குவதற்குத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும்.

"பொண்ணு கல்யாணம்யா! அப்பன் லாக்கப்புல குந்திக்கினு இருக்கான்!"

இதற்குள் இணை இயக்குநர் எழுந்து வந்தார். பயிற்சியாளர் ஒருவர் சிறையில் இருந்தால் அணி எப்படி நிறையும் என்ற கவலை அவருக்கு வந்தது. அவர் சொல்லச் சொல்லத் தனி அலுவலர் எழுதினார். 'மேற்படி நபர் இம்மையத்தின் முதல் அணிப் பயிற்சியாளர். இயற்கையிடமிருந்து நேரடியாக இலை பயிலும் பொருட்டுச் சென்றிருந்தார்.' முத்திரை குத்தியபின் காகிதத்தின் ஓரத்தில் தமிழ்வேந்தனை விட்டு நாலு சுருள் போடச் சொன்னார்கள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்தார். ராத்திரியெல்லாம் தூங்காத மனிதர். "இலை பயில்றதா?" என்று வீரமுத்துவைக் கேட்டார். வீரமுத்து மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, அகாந்தசு" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் இன்ஸ்பெக்டருக்கு மேற்கொண்டு விசாரிக்கத் தெம்பில்லாமல் போயிற்று.

"ஆள அழைச்சிக்கினு போம்மா."

"கெளைங்க?"

"கிளை கேஸ்ல சேத்தாச்சு. அது இங்கதான் இருக்கும்."

பூவரசங்கிளை எழுத்தரின் நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. கழுத்தில் அதற்கும் ஒரு சீட்டுக் கட்டியிருந்தார்கள்.

வீடு திரும்பியபோது நல்ல நேரம் தீர இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. வேறு கிளை வெட்ட ஒருத்தனும் வரவில்லை. அன்றைக்கு ஊரில் முருங்கைக்கீரை ஒடிக்கவே பயந்தார்கள். நாத்தனார் ஒரு பக்கம் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். செவ்வந்தி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த நவதானியத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "வேணாம்னு சொல்லி அனுப்பிடுவாங்களாம்மா?" என்றாள்.

பெரியநாயகி அந்த முடிச்சை மகள் கையிலிருந்து வாங்கினாள். மஞ்சள் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று முன்பக்கம் போனாள். கையெழுத்துப் போடாமல் உள்ளே நுழைந்தது அன்றைக்குத்தான். அச்சு இயந்திரத்தின் காலுக்கு மூன்று விரலால் மஞ்சள் பூசினாள். குங்குமம் வைத்தாள். சக்கரத்தின் உச்சியில் மஞ்சள் துணியைக் கட்டி, நவதானியத்தைத் தொங்கவிட்டு, மாவிலையைச் செருகினாள். சுமங்கலிகளைக் கூப்பிட்டுப் பால் ஊற்றச் சொன்னாள். ஆண்டாள்தான் முதல் ஆளாக ஊற்றினாள்.

"அம்மா! அம்மா! அது அரசு இயந்திரம்!" என்று தனி அலுவலர் ஓடி வந்தார்.

"தெரியும்யா. அதான் அசையாதுன்னு கட்டினேன்."

"விதிப்படி..."

"நீ தானே அலங்காரம் பண்ணலாம்னு எழுதிக் குடுத்த? கழி டேசன்ல இருக்குது. அலங்காரம் இங்க இருக்குது."

அம்பலவாணன் இணை இயக்குநரைப் பார்த்தார். இணை இயக்குநர் இயந்திரத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து அவர் பார்த்ததில் அந்த இயந்திரத்தை யாராவது தொட்டது அதுதான் முதல் தடவை. "பரவாயில்லை, பொதுமக்கள் பங்கேற்பு" என்றார். குறித்துக்கொண்டார்.

கல்யாணத்தன்றும் ரோடு திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தியாகதுருகத்திலிருந்து சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார்கள். விழுந்து கிடந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பையன்கள் எழுந்து கைகொடுத்தார்கள். "கல்யாணமா? வா மாமா, ஏறி எறங்கு. பஸ்சுக்கு தான் வழி இல்ல, பாக்குத் தட்டுக்கு உண்டு." ரைஸ்மில்காரரைத் தோளில் தாங்கி மரத்துக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் பாதிப் பேர் கூடவே நடந்து வந்தார்கள். மறியலிலும் பசி எடுக்கத்தானே செய்யும்.

கலியமூர்த்தி போர்டுக்குக் கீழே வந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"கால் எங்க?"

மேளம் நின்றது. வீரமுத்து தொண்டையைச் செருமினார்.

"உள்ளார வாங்க சம்பந்தி" என்றாள் பெரியநாயகி.

"வாசல்ல தானே இருக்கணும்?"

"வாசல்ல தான் இருக்குது. கவர்மெண்டு தான் செவுத்த முன்னால தள்ளிப் போட்டுச்சி. இங்க பாருங்க, நெல பேத்த எடம். இது தான் வாசப்படி. கால் நிக்கிறது இதும்மேல."

கலியமூர்த்தி ஒடுக்கமான கதவு வழியாக ஒருக்களித்து நுழைந்தார். குனிந்து பார்த்தார். சிமெண்டில் பழைய நிலையின் தடம் இருந்தது, படிக்கல்லின் முனை தெரிந்தது. மஞ்சள் பூசிய இரும்புக் காலைக் கையால் தள்ளிப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். கூட வந்த மில் ஆட்களையும் தள்ளச் சொன்னார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பெரிய பொண்ணுக்கு நட்ட கால் பேஞ்ச மழையில சாஞ்சிடுச்சி" என்றார். "இது நல்லா நிக்கிது. மேளத்த அடிங்கப்பா."

தாலி இயந்திரத்துக்கு முன்னால்தான் கட்டினார்கள். இணை இயக்குநர் அட்சதை போட்டார். சாப்பாட்டுப் பந்தியில் மறியல் பையன்களில் ஒருத்தன், வேகமானவன், தனி அலுவலரிடம் கேட்டான். "சார், உங்க ஆபீசுல எங்களுக்கெல்லாம் எத்தன சீட்டு?"

அம்பலவாணன் கை நனைந்திருந்தாலும் எழுந்து நின்றார். "ஒதுக்கீட்டை நமது மையம் முழுமையாகப் பின்பற்றுகிறது. எல்லாப் பிரிவினருக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவை ஒதுக்கப்பட்ட நிலையிலேயே, யாரும் உட்கார்ந்து பழசாக்கிவிடாமல், பாதுகாக்கப்பட்டு வருகின்றன."

பையன் இலையில் சோற்றைக் குழி பறித்தான். "இதுக்கு தான் சார் நாங்க மரத்த வெட்டுறோம்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டான்.

ரோடு திறந்ததும் இணை இயக்குநர் போனார். அவர் அறிக்கை பிறகு வந்தது. போக்குவரத்தே இல்லாத நாளிலும் நூற்றுக்கணக்கான பொதுமக்கள் கால்நடையாக மையத்துக்கு வந்தார்கள். இயந்திரத்தைத் தெய்வமாக வழிபட்டார்கள். சிலர் அதைத் தோளால் தள்ளித் தம் ஆர்வத்தை வெளிப்படுத்தினார்கள். ஆகவே மையம் நிரந்தரமாக்கப்படுகிறது. முதல் அணி மட்டும் நிறையவில்லை. பரீட்சை அன்று பயிற்சியாளர்கள் அத்தனை பேரும் சமையற்கட்டில் இருந்ததால் மதிப்பீடு தள்ளி வைக்கப்பட்டது. ஆனாலும் இடைக்காலச் சான்றிதழ் என்று ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஓரமெல்லாம் இலையும் சங்கும் குழந்தையும். நடுவில் பெயர் இல்லை, ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, நடுவில் எழுதினால் பரோக் ஆகாது என்று பதில்.

செவ்வந்தி தியாகதுருகத்தில்தான் இருக்கிறாள். இரண்டு பிள்ளை. சம்பந்தி இன்றைக்கும் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் பந்தக்காலைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாராம். தமிழ்வேந்தன் வேலையை விட்டுவிட்டுச் சிவகாசிப் பக்கம் போனான். கல்யாணப் பத்திரிகைக்கு ஓரம் வரைகிறான், நடுவில் பெயர் வருகிற ஓரம். அங்கேயே ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டான். இணை இயக்குநர் அயல் அலங்காரத்தை நேரில் பார்க்க அயல்நாட்டுக்கே போய்விட்டார். பூமாலை மாமியார் ஊரோடு போய்ச் சேர்ந்தான். அம்பலவாணன் மட்டும் அங்கேயே இருந்தார். சக்கரத்தில் கட்டிய மஞ்சள் துணியை அவிழ்க்க யாருக்கும் தைரியம் வராததால் இயந்திரம் அப்புறம் ஓடவேயில்லை.

வீரமுத்துவும் பெரியநாயகியும் டவுனை விட்டுக் கச்சிராயபாளையத்துப் பழைய வீட்டுக்கே போய்விட்டார்கள். சான்றிதழைப் பெரியநாயகி கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள். நடுவில் வெள்ளையாகக் கிடந்த இடத்தில் செவ்வந்தியும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்கிற கல்யாணப் போட்டோவை ஒட்டினாள். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. பார்த்தவர்கள் எல்லாரும் இவ்வளவு நல்ல பிரேம் எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்கள்.

இது எப்படியோ மையத்துக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று ஆண்டாளைத்தான் கேட்க வேண்டும். கழகத்தின் முத்திரையோடு புது பியூன் ஒருத்தன் காகிதம் கொண்டு வந்தான். அலங்காரச் சட்டகத்தின் நடுவில் அனுமதியின்றிக் குடியிருக்கும் நபர்களை உடனடியாகக் காலி செய்து தெரிவிக்கவும் என்று இருந்தது.

பெரியநாயகி அவனை உட்கார வைத்து மோர் கொடுத்தாள். காகிதத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"முதல் அணியின் பயிற்சி நிறைவடைந்ததும் காலி செய்யப்படும்னு சொல்லு" என்றாள்.